பிறந்த வீட்டுக் கோடி

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் சொர்ணத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரியும் என்று நாலு பேர் முன்னால் ஒப்புக்கொள்பவர்களும் கிடையாது. காலையில் அவள் சந்தில் எதிரே வந்தால், வேலைக்குக் கிளம்பியவர்கள் எதையோ மறந்தவர்கள்போல் சட்டைப் பையைத் தட்டிக்கொண்டே வீட்டுக்குள் திரும்பிவிடுவார்கள். ஒரு மனிதர் இப்படித் திரும்பித் திரும்பிக் கிளம்பி, ஒவ்வொரு முறையும் அவளையே எதிர்கொண்டு, கடைசியில் அந்த வேலையையே விட்டுவிட்டதாகப் பேச்சு. அதே மனிதர் தாயார் இறந்த அன்று முதலில் தட்டியது சொர்ணத்தின் கதவைத்தான். இறந்த பெண்களைக் குளிப்பாட்டி, தலை வாரி, புடவை உடுத்தி அனுப்புவது அவளுடைய வேலை.

ஒரு தருமச் சபையின் சவ வண்டியில் அவள் போய்வந்தாள். வண்டி முந்தைய பிறவியில் ஐஸ்கிரீம் விற்றது. வெள்ளைச் சாயம் அடித்துச் 'சொர்க்க ரதம்' என்று எழுதியிருந்தாலும், நல்ல மழை பெய்தால் சாயத்துக்கு உள்ளேயிருந்து ஒரு ஸ்ட்ராபெர்ரிப் பழம் எட்டிப் பார்க்கும். ஒரு மழைநாளில் மல்லேஸ்வரத்துக் குழந்தைகள் சில்லறையை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தார்கள் என்று டிரைவர் பச்சைமுத்து சத்தியம் செய்வான். பச்சைமுத்துவின் சத்தியத்தில் பாதியைக் கழித்துவிட வேண்டும். எந்தப் பாதி என்பதுதான் யாருக்கும் தெரியாது. கலாசிபாளையம் பஸ் நிலையத்தில் மூட்டையோடு மூட்டையாகக் கிடைத்த பிள்ளை அவன். "உங்களுக்கெல்லாம் தேடறதுக்கு ஆள் இருக்குது. எனக்கு அந்த வேலை மிச்சம். அதான் டிரைவர் சீட்டு எனக்கு" என்பான்.

வண்டியில் மூன்றாவது ஆள் இளவேனில். திருநங்கை. மெஜஸ்டிக் சிக்னலில் கை தட்டிக்கொண்டிருந்தவள், ஒருநாள் தூக்குவதற்கு ஓர் ஆள் குறைந்தபோது வந்து தோள் கொடுத்தாள், அப்படியே தங்கிவிட்டாள். இழவு வீட்டில் சிலர் முகத்தைச் சுளித்தார்கள். "தூக்கப்படற அம்மா ஒண்ணும் சொல்லலியே, உங்களுக்கு என்ன?" என்று பச்சைமுத்து கேட்டான். அதற்குப் பிறகு யாரும் சுளிக்கவில்லை.

சொர்ணத்துக்கு வேலையில் ஒரு கேள்வி உண்டு. உடம்பைத் துடைத்துப் பொட்டு வைத்தானதும் வாசலைப் பார்த்துக் கேட்பாள்: "பொறந்த வூட்டுக் கோடி வந்துச்சா?" கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் அவள்மேல் கடைசியாகப் போர்த்துகிற புதுப்புடவை பிறந்த வீட்டிலிருந்துதான் வர வேண்டும். அண்ணனோ தம்பியோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து போர்த்துவான். அந்த நேரம் பார்த்து அழுகை ஒரு பிடி ஏறும். 'இவள் எங்களுடையவள், உங்களிடம் கொடுத்து வைத்திருந்தோம்' என்று ஊருக்குச் சொல்கிற துணி அது. கோடி வராத பெண்களும் உண்டு. அவர்களுக்குச் சபையின் வெள்ளைத் துணியைப் போர்த்திவிட்டு, "கோவிச்சுக்காத தாயி" என்று சொர்ணம் காதோரம் சொல்வாள். சொல்லிவிட்டுக் கை கழுவும்போதெல்லாம் ஒரே நினைப்புத்தான் வரும். எனக்கு யார் கொண்டுவருவார்கள்?

அவளுடைய ஊர் தேன்கனிக்கோட்டைக்குத் தெற்கே, அஞ்செட்டி போகிற மலைப்பாதையில் இருக்கிற செங்குட்டை. அவளுக்குப் பத்தொன்பது வயதானபோது ஊருக்கு முதல் தார் ரோடு வந்தது. ரோடு போட வந்த கூட்டத்தில் ஸ்ரீராம்புரத்து நாகேஷ் இருந்தான். புகையில் எல்லாருக்கும்தான் முகம் கறுத்திருந்தது. ஆனால் சிரிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன். அவனுடைய சாதி, ஊருக்கு வெளியே குடியிருக்கிற சாதி. சொர்ணம் அவனோடு தார் லாரியில் ஏறிப் போய்விட்டாள். ரோடு ஆறுவதற்குள் ஓடியதால் அவளுடைய வலது கால் தடம் அதில் பதிந்துவிட்டது என்றும், அந்தப் பள்ளத்தில் தேங்குகிற மழைத் தண்ணீரை மாடுகூடக் குடிப்பதில்லை என்றும் செங்குட்டையில் சொல்வார்கள். மாடு எப்போதிருந்து சாதி பார்க்கத் தொடங்கியது என்று யாரும் கேட்கவில்லை.

அவள் அப்பா வீட்டிலிருந்த அத்தனை பேரையும் குட்டைக்கு நடத்திப் போய்த் தலை முழுக வைத்தார். செத்தவர்களுக்குச் செய்வது அது. அத்தோடு செங்குட்டையில் சொர்ணம் தீர்ந்துபோனாள்.

நாகேஷ் வீட்டிலும் அவளுக்கு யாரும் பாய் விரித்துவிடவில்லை. "பெரிய வூட்டுப் பொண்ணு, நம்ம கையால தண்ணி குடிக்குமா?" என்று கேட்டுக் கேட்டே மாமியார் கடைசிவரை தண்ணீர் கொடுக்காமல் இருந்துவிட்டாள். பிறந்த ஒரே குழந்தை பால் மறப்பதற்குள் போயிற்று. பாதாளச் சாக்கடைக்குள் இறங்கிய நாகேஷ் ஒருநாள் ஏறிவரவில்லை. கருமாதி முடிந்த மறுநாள் அவளுடைய தகரப் பெட்டி வாசலுக்கு வெளியே இருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் நடந்தபோது, யாருக்கும் வேண்டாத வேலை ஒன்று இருப்பதாகச் சொல்லி ஏற்றிக்கொண்டவன் பச்சைமுத்து.

பல வருஷங்கள் கழித்து ஒருநாள் வண்டியில் இருந்தது, சாரத்திலிருந்து விழுந்து இறந்த ஒரு கட்டட வேலைப் பெண். தேன்கனிக்கோட்டையில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஆனேக்கல்லில் டீசலுக்கு நின்றபோது இளவேனில் கண்ணாடியைத் திருப்பிப் பொட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"முத்தண்ணா, ரெண்டு நிமிஷம். எதுத்தாப்ல எங்க அண்ணன் கடை."

"உள்ள ஒரு அம்மா காத்துக்கினு இருக்காங்க, ஞாபகம் இருக்கட்டும்."

"அவங்களுக்கு என்னா அவசரம்?"

சொர்ணமும் கூடப் போனாள். தடுப்பதற்கு அல்ல, விழுந்தால் பிடிப்பதற்கு. மொபைல் கடையில் ராஜேஷ்குமார் ஒரு போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தான். இளவேனிலின் மூக்கை அப்படியே பெயர்த்து அவன் முகத்தில் வைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தான்.

"ஏன் பேக்கம்மா?" என்றான், கன்னடத்தில்.

அந்த வீட்டில் பிறந்ததிலிருந்து பேசியது தமிழ். அம்மா திட்டியதும் தமிழ். இவள் முதல்முதலில் தாவணி கட்டிப் பார்த்த அன்று அண்ணன் பெல்ட்டால் அடித்ததும் தமிழில்தான். அடித்தபோதுகூட உறவு இருந்தது. இப்போது என்ன வேண்டும் என்று கன்னடத்தில் கேட்கிறான், பஸ்ஸுக்கு நிற்கிற யாரோ ஒருத்தியைக் கேட்பதுபோல்.

"அண்ணா, நான்..."

"கரென்சினா? எஷ்டக்கே?" ரீசார்ஜா, எவ்வளவுக்கு என்கிறான்.

இளவேனில் துப்பட்டாவைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு அவளும் கன்னடத்துக்கு மாறித் தன் நம்பரைச் சொல்லத் தொடங்கினாள். பாதி சொல்வதற்குள் அவன் மீதியை அடித்து முடித்திருந்தான்.

"ஆய்த்து" என்றான், குனிந்துகொண்டே.

வண்டிக்குத் திரும்பியதும் இளவேனில் சிரித்தாள். "பாத்தியாக்கா? நம்பர் மனப்பாடம்! எங்கண்ணனுக்கு என் நம்பர் மனப்பாடம்!" தளி வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள். இறங்கும்போது கண் மை கழுத்துவரை வழிந்திருந்தது. பச்சைமுத்து அன்று முழுக்க ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அவனால் முடிந்த ஆறுதல் அது.

தேன்கனிக்கோட்டையில் இறந்த பெண்ணின் வாசலில் நான்கு அண்ணன்கள் நின்றார்கள், கையில் ஆளுக்கொரு கோடியோடு. யார் முதலில் போர்த்துவது என்பதில் சண்டையே வந்துவிட்டது. கடைசியில் நான்கையும் போர்த்தினார்கள். அந்தச் சின்ன உடம்பு துணிக்கடை மூட்டைபோல் ஆயிற்று. சொர்ணம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேலை முடிந்தும் வண்டியில் ஏறவில்லை.

"சொர்ணக்கா, உங்க ஊரு இங்கேர்ந்து பக்கம்தானே?" என்றான் பச்சைமுத்து.

"பக்கம்தான். அதனாலதான் இத்தனை வருஷமா போவல."

"அம்மா இருக்காங்கல்ல?"

"இருக்குதாம். மார்க்கெட்ல ஊர்க்காரன் ஒருத்தன் சொன்னான். கண்ணு சரியா தெரியலியாம். அண்ணன் வூட்டுல இருக்குதாம்."

"அப்பறம் என்னா? போய்ப் பாக்கலாம்."

"எதுக்கு? நானும் ரீசார்ஜ் பண்ணிக்கவா?"

இளவேனில்தான் அவள் கையைப் பிடித்தாள். "எனக்குக் கதவு சாத்திட்டாங்க, சரி. உனக்குச் சாத்தியிருக்குதான்னு நீ இன்னும் பாக்கவே இல்லியேக்கா. ஒரு தபா கேட்டுட்டு வந்துரலாம். நான் செத்தா கோடி கொண்டாருவியா, மாட்டியா? நேரா கேளு."

சொர்ணம் ஏறினாள். ஆனால் மலைப்பாதை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தாள். ஒரு மாத்திரையைக் கொடுத்து, பின்னால் உடம்பு கிடத்துகிற பலகையிலேயே அவளைப் படுக்க வைத்து, வெயிலுக்குத் தன் துப்பட்டாவைப் போர்த்திவிட்டாள் இளவேனில். எத்தனையோ பேரை அதில் கிடத்தியவள் முதல்முறையாக அதில் படுத்துத் தூங்கிப்போனாள். காலையில் கட்டிய சாமந்தி மாலை வண்டியின் நெற்றியில் அப்படியே இருந்தது. அவிழ்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்து நடந்ததைப் பிற்பாடு பச்சைமுத்துதான் தலையில் அடித்துக்கொண்டு சொன்னான். செங்குட்டைக்குக் கொஞ்சம் முன்னால் ரேடியேட்டர் கொதித்தது. தண்ணீர் ஊற்ற ஒரு டீக்கடையில் நிறுத்தினான். கடைக்காரர் வண்டியைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், கர்நாடக நம்பரைப் பார்த்தார்.

"யார் வூட்டுக்குப்பா?"

"சேஷகிரி வூடு எதுங்க? அவரு தங்கச்சி சொர்ணத்தக் கொண்டாந்திருக்கோம்."

உயிரோடு இருப்பவர்களைக் கூட்டிவருவோம், இறந்தவர்களைக் கொண்டுவருவோம். தமிழ் பேசுகிற குழந்தைக்கும் இது தெரியும். ஆனால் பச்சைமுத்து தன் வாழ்நாளில் யாரையும் கூட்டிவந்தது கிடையாது. அவன் வாயில் அந்தச் சொல் இல்லை.

கடைக்காரர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். டீக்குக் காசு வேண்டாம் என்றார். வண்டி தண்ணீர் குடித்து மூச்சு வாங்கி முடிப்பதற்குள் செல்போன்கள் ஊரைப் போய்ச் சேர்ந்துவிட்டன.

சொர்ணத்தை எழுப்பியது ஒப்பாரி. கண் திறக்குமுன்பே கை இடுப்பில் செருகிய சீப்பைத் தேடியது. யார் வீடு, பெண்ணா ஆணா, வெந்நீர் வைத்திருக்கிறார்களா? வழக்கமான நினைப்புகள் வரிசையாக வந்தன. அப்புறம் வெளியே உடைந்த ஒரு கிழக்குரல் பாடியது.

"தாரு ரோட்டு மேல நடந்த எஞ் சொர்ணமே – உன்
காலு சூடு ஆறலையே, நீ ஆறிப் போனியே..."

அது அம்மாவின் குரல்.

இளவேனில் அவள் முகத்தருகே குனிந்திருந்தாள். முகம் வெளிறியிருந்தது. "அக்கா, நீ செத்துட்டியாம்."

"யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது. மேளக்காரங்ககூட வந்துட்டாங்க."

கண்ணாடியில் ஒட்டியிருந்த 'ஓம்' எழுத்தின் இடுக்கு வழியாகச் சொர்ணம் பார்த்தாள். வாசலில் கூட்டம். நாகேஷின் சாதிக்காரர்கள், எந்தச் சாதிக்காக அவளைத் தலை முழுகினார்களோ அந்தச் சாதிக்காரர்கள், அவளுக்காக அடிக்கப் பறையை நெருப்பில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பச்சைமுத்து கூட்டத்துக்கு நடுவில் கையைப் பிசைந்தான். "ஐயா, அது வந்து... அவங்க வந்து..." அதற்குள் தலை நரைத்த ஒருவர் ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டார். அண்ணன் சேஷகிரி. "இம்மாந் தூரம் கொண்டாந்து சேத்தியே சாமி! நீ நல்லாருக்கணும், உன் குடும்பம் நல்லாருக்கணும்!" என்று அவன் தோளில் முகத்தைப் புதைத்து அழுதார்.

சவ வண்டிக்காரனைத் தொட்டவர்கள் குளிக்க வேண்டும் என்பார்கள். பச்சைமுத்துவை இதற்கு முன்னால் யாரும் கட்டிக்கொண்டது கிடையாது. சொல்ல வந்தது அவனுக்கு மறந்துபோயிற்று. அவரோடு சேர்ந்து அவனும் அழ ஆரம்பித்துவிட்டான்.

"அந்த ஆளுக்கு இன்னா கேடு! நான் போய்ச் சொல்றேன்" என்று இளவேனில் எழுந்தாள்.

"உக்காருடி. அம்மா பாடட்டும்."

"எட்டு மொழச் சேலை எடுத்து வெச்சேன் பொட்டியில – நீ
கட்டி நடக்கலையே, கட்டையா வந்தியே..."

அப்பா வீட்டையே குட்டையில் முக்கியெடுத்த பிறகும் அம்மா ஒரு புடவை எடுத்து வைத்திருந்தாள். அது பெட்டியில் இருக்கிறது. சொர்ணம் பலகையில் மறுபடி படுத்தாள். கையை நேராக வைத்துக்கொண்டாள். எத்தனை பேருக்குச் செய்திருக்கிறாள், எப்படிக் கிடக்க வேண்டும் என்று அவளுக்கா தெரியாது?

பின்கதவு திறந்தது. இரண்டு பெண்கள் அம்மா லட்சுமம்மாவை ஏற்றி உட்கார வைத்துவிட்டு, உள்ளே மூவருக்கு இடமில்லாமல் இறங்கினார்கள். கிழவி தடவித் தடவி மகளின் காலைத் தேடினாள். பாதத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த வரியை எடுத்தவள் பாதியில் நிறுத்தினாள்.

பாதம் சுட்டது.

கைகள் மேலே ஏறின. கெண்டைக்கால், முழங்கால், அங்கிருந்து விரல்கள். மகளின் விரல்கள் கிழவியின் விரல்களைத் திரும்பப் பிடித்தன. வெளியே ஊர் முழுக்க நின்றுகொண்டிருந்தது. லட்சுமம்மா மூச்சை இழுத்து, முன்னைவிடப் பெரிதாக ஓர் ஓலம் வைத்தாள். அந்த ஓலத்துக்கு அடியில் கேட்டாள்:

"உசுரோடவாடி இருக்க?"

"ஆமாம்மா."

"ஐயோ எங் கண்ணே! எம் மவளே!" என்று வெளிக்கு. "சாப்டியா?" என்று உள்ளுக்கு.

"காலைல தின்னேன்."

"பொன்னே, மணியே, போயிட்டியா!... அவன் நல்லா வெச்சிருக்கானா?"

"போயிட்டான்மா."

"ஐயோ, ஐயோ!" இந்த முறை நிஜமாகவே வந்தது. "புள்ளைங்க?"

"ஒண்ணு பொறந்துச்சு. தங்கல."

கிழவிக்குப் பாட்டு மறந்துபோனது. மகளின் பாதத்தைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு சும்மா அழுதாள். இளவேனில் துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு ஒரு மூலையில் சுருண்டிருந்தாள்.

"எந்திரிக்கட்டுமாம்மா?" என்றாள் சொர்ணம். "எந்திரிச்சு எல்லார்கிட்டயும் சொல்லட்டுமா?"

"வேணாண்டி." கிழவியின் பிடி இறுகியது. "எந்திரிச்சா நீ அவன் பொண்டாட்டி. படுத்திருந்தா எம் பொண்ணு. இன்னும் கொஞ்ச நேரம் எம் பொண்ணா இருடி."

அப்போது கூட்டம் விலகுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் சொர்ணத்துக்குப் பழக்கம். எத்தனையோ வாசல்களில் அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். சேஷகிரி கோடியோடு வந்தார். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை. மடிப்பு மடிப்பாக நிறம் வெளுத்திருந்தது, ஆனால் ஒரு முறையும் உடுத்தாத புடவை. ஏறி, தங்கை முகத்தைக் குனிந்து பார்த்தார்.

"நம்ம மண்ணுலயே வெச்சுக்கறேன் தாயி" என்றார். "அப்பா பக்கத்துலயே வெக்கறேன். எவன் என்ன சொல்வான்னு பாக்கறேன்."

கண்ணீர் ஒரு சொட்டு சூடாக அவள் இமையில் விழுந்தது. சொர்ணத்தால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. கண்ணைத் திறந்தாள்.

"அண்ணே."

சேஷகிரி கத்தவில்லை. பின்னால் சாயவும் இல்லை. வாய் திறந்தது திறந்தபடி நின்றது. முதலில் அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதைத் தான் பார்த்ததாகச் சொர்ணம் எப்போதும் சொல்வாள், இளவேனிலும் சொல்வாள். பிறகு வெளியே பறையில் யாரோ ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்கள். வெளிச்சம் போய்விட்டது.

"எதுக்கு வந்த?" என்றார், மெதுவாக.

"அம்மாவப் பாக்க. நான் போனா ஒரு கோடி கொண்டாருவீங்களான்னு கேக்க."

அவர் கையிலிருந்த கோடியைப் பார்த்தார். "நெசமாத்தான் அழுதேன் சொர்ணம். நடிக்கல."

"தெரியும்ணே."

"அடுத்த மாசம் பொண்ணுக்குக் கல்யாணம். மாப்ள வூட்டுக்காரங்க வெளிய நிக்கறாங்க. ஒரு தங்கச்சி இருந்துச்சு, இப்பச் செத்துப் போச்சுன்னுதான் அவங்ககிட்ட சொல்லி வெச்சிருக்கேன்."

அம்மா ஏதாவது சொல்வாள் என்று சொர்ணம் காத்திருந்தாள். கிழவி அந்தப் பாதத்தைத் தன் மடிக்குள் இழுத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

"எந்திரிக்கா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள் இளவேனில். "எந்திரிச்சு வாசல்ல நில்லு. பேயின்னு நெனச்சு மாப்ள வூடு ஹோசூர் வரைக்கும் ஓடட்டும்."

கதவு திறந்துதான் இருந்தது. இரண்டு படி இறங்கினால் வாசல். சொர்ணம் முழங்கையை ஊன்றினாள். அப்போது சேஷகிரி கோடியை உதறி விரித்தார். காலிலிருந்து தொடங்கி, சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டு, கழுத்து வரைக்கும் போர்த்தினார். எந்த அண்ணனும் அவ்வளவு பதவிசாகப் போர்த்தி அவள் பார்த்ததில்லை. ஊன்றிய முழங்கை தானாக மடங்கியது.

"கண்ண மூடிக்கம்மா" என்றார்.

முகத்தையும் மூடினார்.

வெளியே அவர் குரல் கேட்டது, கரகரவென்று. "பாத்தாச்சு. ஒடம்பு தாங்காது. எறக்க வேணாம். பெங்களூர்லயே எடுத்துடட்டும்."

பறை தொடங்கியது. ஊர் அவளுக்குக் குறை வைக்கவில்லை. வண்டி நகர நகரப் பூ இறைத்தார்கள், வெடி போட்டார்கள், கிழவர்கள் எழுந்து நின்றார்கள். முக்கூட்டு ரோட்டில் பெண்கள் நின்றுவிட்டார்கள்; அதற்குமேல் பெண்கள் வருகிற வழக்கமில்லை. லட்சுமம்மாவை இறக்கினார்கள். அவள் பாதத்தை விட்டபோது விரல் ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

வண்டி வளைவில் திரும்பியதும் சொர்ணம் கோடியை விலக்கி எழுந்து கண்ணாடிக்குப் போனாள். அனுப்பிவைத்தவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது. யாரும் பார்க்கவில்லை. முதுகுகள் வரிசையாகத் தண்ணீர்த் தொட்டியை நோக்கி நடந்தன. அங்கே சேஷகிரி ஒரு குடத்தைத் தூக்கி அம்மாவின் தலையில் கவிழ்ப்பது தெரிந்தது. கிழவி கையைத் தொங்கவிட்டு, நனைந்த கோழிபோல், அப்படியே நின்றாள். இன்னொரு குடம். பிறகு பாறை மறைத்தது.

வளைவுகள் முடிந்து வண்டி நேர்ப்பாதைக்கு வந்தது. பச்சைமுத்துதான் உடைந்தான். "எல்லாம் என் வாயால வந்தது சொர்ணக்கா. ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை."

"உன்னாலதான் முத்து கெடைச்சுது" என்றாள் அவள். "கூட்டியாந்திருக்கோம்னு சொல்லியிருந்தா, வாசல்லயே தொரத்தியிருப்பாங்க."

அவன் கியரை மாற்றினான்.

தேன்கனிக்கோட்டைக்கு முன்னால் ஒரு கேழ்வரகு வயலில் பம்ப்செட் ஓடிக்கொண்டிருந்தது. சொர்ணம் வண்டியைத் தட்டி நிறுத்தச் சொன்னாள். வரப்பில் நடந்துபோய், கட்டியிருந்த சேலையோடு குழாய்க்கு அடியில் உட்கார்ந்தாள். தண்ணீர் மண்டையில் மொத்தமாக இறங்கியது. இளவேனில் பின்னாலேயே ஓடிவந்தாள்.

"அக்கா! ஜுரம் வரப்போவுது. யாருக்கு இது?"

"அந்த வூட்டுக்கு." சொர்ணம் முகத்தை வழித்துவிட்டுக்கொண்டாள். "அவங்க எனக்கு ரெண்டு தபா முழுகிட்டாங்க. நான் ஒரு தபாகூட முழுகல. இத்தினி வருஷமா பாக்கி."

"அம்மாவுக்குமா?"

தண்ணீர்ச் சத்தத்தில் அது கேட்காததுபோல் அவள் மறுபடியும் தலையைக் குழாய்க்குக் கொடுத்தாள். வெகுநேரம் கொடுத்தாள்.

எழுந்தபோது பல் கிட்டித்துக்கொண்டது. வண்டியில் உலர்ந்த துணி என்று இருந்தது ஒன்றுதான். மாம்பழ மஞ்சளை எடுத்து உதறி, மறைவுக்கு வண்டியின் கதவைத் திறந்து வைத்து, உடுத்தத் தொடங்கினாள்.

"ஐயோ, அது கோடி!" என்றாள் இளவேனில். "உசுரோட இருக்கிறவங்க கட்டக் கூடாதுக்கா!"

"வேற என்னா இருக்குது? சொல்லு. ஈரத்தோட பெங்களூர் வரைக்கும் வரணுமா?" கொசுவத்தை மடித்துச் செருகினாள். எத்தனையோ பேருக்கு மடித்த கை. தனக்கு மடிக்கும்போது மட்டும் இரண்டு முறை குலைந்தது. "நான் போவறப்ப எனக்குச் சபைத் துணி போதும். நீயே போத்து. காதுல மட்டும் எதுவும் சொல்லாத. எனக்குக் கோவம் இருக்கும்."

பின்னால் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டு முன்சீட்டில் பச்சைமுத்துவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஈரத் தலை முதுகில் கிடந்தது. வண்டியின் நெற்றியில் மாலை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. எதிரே வந்த ஒரு பால்காரர் சவ வண்டியைக் கண்டு சைக்கிளை ஓரம் கட்டி, கையெடுத்துக் கும்பிட்டார். சொர்ணம் பதிலுக்குக் கும்பிட்டாள்.